மருந்துத் தாள் மாம்பழத்தைக் காக்குமா?

கேள்வி: பெரியகுளம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. சென்னையில் உள்ள வாடிக்கைக்காரர்களுக்கு நேரடியாகப் பார்சலில் அனுப்புகிறோம். பழுக்கும்போது காம்புப் பக்கம் கறுத்துவிடுகிறது என்று புகார். 'பாக்டீரியா எதிர்ப்புத் தாள்' என்று ஒருவர் கொண்டுவந்து காட்டினார். சாதாரணத் தாளைவிட மூன்று மடங்கு விலை. வாங்கலாமா சார்?

பதில்: கட்டுக்கட்டாக வாங்கிவிடாதீர்கள். மாம்பழத்தை அழுகவைப்பது பெரும்பாலும் பூஞ்சை. பாக்டீரியா கொல்லும் தாள் பூஞ்சையையும் கொல்லும் என்று எழுதி வைத்திருக்கிறதா?

பேக்கேஜிங் ஆய்வகத்தில் இருந்தபோது தாளோடு வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி, "இதில் என்ன தடவியிருக்கிறீர்கள்?" என்பதுதான். "அது கம்பெனி ரகசியம்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வெள்ளித் துகளா, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானா, ஓம எண்ணெயில் இருக்கிற தைமாலா என்று தெரிந்தால்தான் பேச முடியும். முதல் இரண்டும் தாள் தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். தைமால் ஆவியாகிப் பெட்டி முழுக்கப் பரவும். கூடிப்போனால் பழத்திலும் ஓம வாசனை ஏறும்.

இதெல்லாம் புதுசும் இல்லை. போன நூற்றாண்டின் நடுவில் ஆரஞ்சைக் கப்பலேற்றியவர்கள் பைபீனைல் என்ற பூஞ்சை மருந்து ஏற்றிய தாளில்தான் சுற்றினார்கள். பச்சைப்பூஞ்சை அடங்கியது உண்மை. பிறகு அந்த மருந்தே வேண்டாம் என்று ஐரோப்பாவில் கைவிட்டார்கள்.

இப்போது நம்பிக்கை தருவது ஹெக்சனால். புல் வெட்டும்போது வருகிற பச்சை வாசனையில் இருப்பது. பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கிற நொதியை அது மட்டுப்படுத்துகிறது. அதனால் தளர்வது தள்ளிப்போகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கை விஞ்ஞானிகளும் சேர்ந்து மாம்பழத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். கோவைக்கே ஒரு நடை போய்க் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கறுப்புக்கு மூலம் தோப்பில் இருக்கிறது. ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து சத்தமில்லாமல் கிடக்கும், பழுக்கும்போதுதான் தலைகாட்டும். காம்பழுகலும் அதே ரகம். உள்ளே குடியேறிவிட்டதை வெளியே சுற்றிய தாள் என்ன செய்யும்? அறுத்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி, ஆறவைத்து, ஈரம் போக உலர்த்திக் கட்டுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். சூடு ஏறினால் தோல் வெந்துவிடும். பால் வழிந்த இடமும் கறுக்கும். காம்போடு அறுத்து, பிறகு காம்பைக் கிள்ளி, தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடியவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தத் தாளைச் சோதியுங்கள். ஒரே மரம், ஒரே நாள் அறுப்பு. பாதிப் பெட்டிக்கு மருந்துத் தாள், பாதிக்கு வெறும் தாள். எது எதென்று சொல்லாமல் அனுப்பிவிட்டு, பழுத்ததும் போட்டோ கேளுங்கள். உணவில் படலாம் என்ற ஆய்வக அறிக்கையை விற்பவரிடம் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செய்தித்தாளில் சுற்றி வைத்தால் போதாதா?

பதில்: உணவைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாதென்று 2018 பேக்கேஜிங் விதிகளிலேயே இருக்கிறது. அச்சு மை ஒட்டும். தோலை உரித்து எறிகிற வாழைக்குக்கூட வேண்டாம் என்பேன்; தோலோடு கடிக்கிற கொய்யாவுக்கும் திராட்சைக்கும் கூடவே கூடாது. அச்சடிக்காத வெள்ளைத் தாள் கடையில் கிடைக்கிறது.