எதிராளி மூன்று ஹார்ட்ஸ் என்றால்…

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எதிராளி மூன்று ஹார்ட்ஸில் (ஹார்ட்ஸைத் துருப்பாக வைத்து ஒன்பது பிடி எடுப்பதாக) ஏலத்தைத் தொடங்க, என் பார்ட்னர் டபுள் சொன்னார், அடுத்தவர் பாஸ். என் கையில் ஸ்பேடில் கிங், ஜாக், 8, 4. ஹார்ட்ஸில் 7, 3. டைமண்டில் ஏஸ், 10, 6, 2. கிளாவரில் குயின், 9, 5. மூன்று ஸ்பேட் சொன்னேன், எல்லோரும் பாஸ். பத்து பிடி கிடைத்தது. பார்ட்னருக்குக் கோபம். நான் செய்தது சரியா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நாலு ஸ்பேட், அதாவது பத்து பிடி, சொல்லியிருக்க வேண்டும். மூன்று ஸ்பேட் என்பது கையில் ஒன்றுமே இல்லாதவரும் வேறு வழியில்லாமல் சொல்கிற பதில், ஏனென்றால் பார்ட்னரின் டபுள் உங்களைப் பேசச் சொல்கிறது, எதிராளியைத் தோற்கடித்து அபராதம் வாங்குகிற தண்டனை டபுள் அல்ல அது. உங்களிடம் ஏழு பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) போல இருக்கும் என்று நம்பித்தான் அவ்வளவு உயரத்தில் அவர் துணிகிறார். உங்களிடமோ பத்து, அதுவும் நாலு ஸ்பேடோடு. அப்புறம் அந்த 7, 3-ஐப் பாருங்கள். தொடங்கியவரிடம் ஏழு ஹார்ட்ஸ், உங்களிடம் இரண்டு, மீதி நாலுதான், ஆக பார்ட்னரிடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், உங்கள் பாயிண்ட் எதுவும் அங்கே வீணாகவில்லை. வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடுகிற நிலை) இல்லாவிட்டாலும், நாலு ஸ்பேடுக்கான போனஸோடு 420 வரவேண்டிய இடத்தில் 170 வாங்கியிருக்கிறீர்கள், அவர் வருத்தம் நியாயம்தான்!

டைமண்ட் ஏஸுக்குப் பதில் ஒரு சின்ன சீட்டு இருந்திருந்தால் மூன்று ஸ்பேடே போதும். நாலு ஸ்பேட் இல்லாமல், ஹார்ட்ஸில் நல்ல தடுப்போடு இதே பலம் இருந்தால் மூன்று நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்). டபுளை அப்படியே விட்டு, எதிராளியையே மூன்று ஹார்ட்ஸ் ஆடவிட்டு பாஸ் சொல்வதற்கு ஹார்ட்ஸில் குயின், ஜாக், 9 உட்பட உறுதியான நாலு சீட்டாவது வேண்டும். பயத்தில் மட்டும் பாஸ் சொல்லாதீர்கள்.