ஸ்ரீரங்கம் ஒரு காலத்தில் தனி நகராட்சியாக இருந்ததா?

ஆமாம், இருந்தது. 1871-ல் தொடங்கி 1994 வரை ஸ்ரீரங்கம் தனி நகராட்சிதான். அந்த வருஷம் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளையும் சேர்த்துத்தான் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானது. அதன் பிறகு ஸ்ரீரங்கம் மாநகராட்சியின் ஒரு கோட்டமாகிவிட்டது.

தனியாக இருந்ததற்குக் காரணம் தெளிவானது: ஆறு. ஊர் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் ரங்கநாதர் கோயில், அதைச் சுற்றி ஏழு திருச்சுற்றுகள். வெளிச் சுற்றுகளில் கோயிலுக்கும் தெருவுக்கும் எல்லைக்கோடே கிடையாது. உத்தர வீதி, சித்திரை வீதி என்று மதிலுக்கு உள்ளேயே வீடுகள், கடைகள், வாசலில் கோலம். தேர் ஓடும் வீதியில்தான் பால்காரரும் வருவார். இப்படிப்பட்ட ஊரைப் பராமரிப்பது மற்ற ஊர்களைப் போன்ற வேலையே அல்ல. 236 அடி ராஜகோபுரம் 1987-ல் கட்டி முடிக்கப்பட்டபோதுகூட இது நகராட்சிதான்.

இணைப்பால் ஊரின் பெயர் அழிந்துவிடவில்லை. சொந்த ரயில் நிலையம், சொந்த தாலுகா, சட்டமன்றத் தொகுதி எல்லாம் இன்றும் ஸ்ரீரங்கம் பெயரில்தான் இருக்கின்றன. காவிரிப் பாலம் தாண்டி மலைக்கோட்டைப் பக்கம் கிளம்பும் பெரியவர்கள் இப்போதும், "திருச்சிக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் நிற்பதும் திருச்சி மாநகராட்சிக்குள்தான். ஆனாலும் அந்தப் பேச்சில் தப்பே இல்லை என்பேன்.