ஆய்வுக் கட்டுரை எழுத சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா?

ஆங்கிலத்தைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்தினால் தப்பா, கட்டுரையில் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்கப் பல இதழ்கள் விடுகின்றன. வாக்கியங்களையே எழுத வைத்தால், எந்தக் கருவி, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பட்டியலில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். 2023 தொடக்கத்திலேயே நேச்சர் இதழ் அதை மறுத்துவிட்டது. தவறு வந்தால் பொறுப்பேற்க ஆள் வேண்டுமே.

ஆனால் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. 2024 பிப்ரவரியில் ஃப்ரன்டியர்ஸ் பதிப்பகத்தின் ஆய்விதழ் ஒன்றில் ஓர் எலிப் படம் வந்தது. படம் வரையும் ஏஐ கருவியான மிட்ஜர்னியில் உருவாக்கியது என்று ஆசிரியர்களே குறிப்பிட்டிருந்தார்கள். எலியின் பிறப்புறுப்பு பூதாகரமாக இருந்தது. பக்கத்தில் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள்! வெளியாகும் முன் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளர் ஒருவர் படத்தைப் பற்றிக் கேட்டும் திருத்தாமலே வெளியானதுதான் கொடுமை. சில நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மேற்கோள்களில் கூடுதல் கவனம் தேவை. இல்லாத கட்டுரையை சாட்ஜிபிடி நிஜ இதழ்ப் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு கொடுத்துவிடும். கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

அப்புறம், மதிப்பாய்வுக்கு வந்த பிறர் கட்டுரையை அதில் ஒட்டாதீர்கள். அது ரகசியம் காக்க வேண்டியது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச், மானிய விண்ணப்ப மதிப்பாய்வில் இதை 2023இல் தடையே செய்துவிட்டது.