வரி பார்த்துச் செய்த கார்

கேள்வி: மாடல் டி என்ற ஒரே காரை உலகம் பூராவும் விற்ற ஃபோர்டு, இங்கிலாந்துக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு சின்னக் காரைச் செய்தார்கள்? (கல்லூரி மாணவர், கரூர்)

பதில்: எல்லாம் வரி செய்த வேலை. மாடல் டியை 1911 முதலே மான்செஸ்டரில் ட்ராஃபோர்டு பார்க்கில் பூட்டி, ஸ்டியரிங்கை வலது பக்கம் வைத்து விற்றார்கள், நன்றாகவே போனது. 1921-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்று வரி போட்டது. சரி, அந்தக் குதிரைத்திறனை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எஞ்சின் நிஜமாக எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தார்கள், அவ்வளவுதான். மாடல் டியின் விட்டம் 3.75 அங்குலம், நாலு சிலிண்டர், ஆக 22.5 வருகிறது, அதை முழு எண்ணாக்கி 23 பவுண்டு வரி. அதே தெருவில் ஆஸ்டின் செவன் என்ற சின்ன பிரிட்டிஷ் கார் வைத்திருந்தவர் 8 பவுண்டு கட்டினால் போதும்!

அடுத்து வந்த மாடல் ஏ-வுக்கு ஃபோர்டு ஒரு ஒட்டு வேலை பார்த்தது. பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரத்தைத் தொடாமல், சிலிண்டர் விட்டத்தை மட்டும் 3.05 அங்குலமாகக் குறைத்து, வரியை 24-லிருந்து 15 பவுண்டுக்கு இறக்கினார்கள். ஆனால் வண்டியின் எடை குறையவில்லையே, நிஜத்தில் 40 குதிரைத்திறன் இழுத்த உடம்பை 28 இழுக்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் புத்தி தெளிந்து, அமெரிக்காவில் ஃபோர்டின் தலைமையிடமான டியர்பார்னிலேயே உட்கார்ந்து, இங்கிலாந்துக்கென்றே மாடல் ஒய்-யை அடியிலிருந்து வரைந்தார்கள். 1932-ல் லண்டன் பக்கத்து டேகன்ஹாம் ஆலையில் உற்பத்தி ஆரம்பம். 933 சிசி, விட்டம் 56.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 92.5. குச்சி மாதிரி ஒல்லியான அந்தச் சிலிண்டரைப் பார்த்தாலே வரிக் கணக்கு தெரியும். 1935-ல் அதை 100 பவுண்டுக்கு விற்றார்கள். மூடிய கூரையுள்ள கார் அந்த விலைக்கு வந்தது பெரிய சாதனை என்றே நான் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் இந்தியாவுக்கும் அந்த ஒல்லி எஞ்சின்தான் வந்ததா? (அதே வாசகர்)

பதில்: இல்லை. பிரிட்டன், அயர்லாந்து தவிர சாம்ராஜ்யத்தின் மற்ற நாடுகளில் விற்கும் உரிமை ஃபோர்டு கனடாவிடம் இருந்தது. கனடாவும் சாம்ராஜ்யத்துக்குள் இருந்ததால் இறக்குமதித் தீர்வையில் பல இடங்களில் சலுகை கிடைத்தது. 1926-ல் தொடங்கிய ஃபோர்டு இந்தியாவும் கனடா கம்பெனியின் கிளைதான், பம்பாய், சென்னை, கல்கத்தா மூன்று ஊரிலும் வண்டிகளைப் பூட்டினார்கள். வலது பக்க ஸ்டியரிங்கோடு, பெரிய எஞ்சினோடு வந்தவை அவை. மண் சாலை, மேடு பள்ளம், நீண்ட தூரம் என்று இருக்கிற ஊர்களுக்கு அதுதான் தோதாக இருந்தது, ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். லண்டன் வரிக்காரரை மனதில் வைத்துச் செய்த சின்ன எஞ்சின்களை அங்கே கொண்டுபோய் விற்க பிரிட்டிஷ் கம்பெனிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தங்கள் ஊர்ச் சட்டத்துக்குள்ளேயே அடைபட்டு, வெளியூர்ச் சந்தையைக் கோட்டைவிட்டதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம். காருக்கு ஒரே வரியாக 10 பவுண்டு என்று அரசு மாற்றியபோது 1948 ஆகிவிட்டது.