அக்கா ஏன் காரை விற்றார்?

வாசகர் கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 43. எலக்ட்ரிக் கார் வாங்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை, புதிதாக வாங்க வசதியில்லை. இப்போது சொகுசு எலக்ட்ரிக் செடான்கள் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. 2017 டெஸ்லா மாடல் எஸ் ஒன்றும் 2021 போர்ஷே டைக்கான் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். டைக்கான் 800 வோல்ட், சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்கிறார்கள், ஆனால் அதற்குக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுவேன். பேட்டரி எத்தனை வருடம் தாங்கும்? எதை வாங்கலாம்? நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, கீழே சார்ஜ் போட வழியில்லை. அது ஒரு பிரச்சினை இல்லை, பக்கத்துத் தெருவில் அக்கா இருக்கிறாள். போன வருடம் தன் காரை விற்றுவிட்டதால் ஷெட் காலியாகத்தான் கிடக்கிறது. ராத்திரி அங்கே விட்டு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததே அவள்தான், ஒன்றும் சொல்ல மாட்டாள். என் மனைவிக்கும் சம்மதம். உங்கள் யோசனை என்ன?

பதில்: தம்பி, பேட்டரிக்கு அப்புறம் வருகிறேன். கார் வாங்கலாமா என்று எனக்கு வரும் கடிதங்களில் காரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும், வீட்டு மனிதர்களைப் பற்றி ஒரு வரி இருக்கும். நான் அந்த ஒரு வரியைத்தான் இரண்டு தடவை படிப்பேன். உங்கள் கடிதத்தில் அது "போன வருடம் தன் காரை விற்றுவிட்டதால்" என்ற வரி.

ஏன் விற்றார்?

முழங்கால் வலியாக இருக்கலாம், கண் மங்கி ராத்திரியில் ஓட்டப் பயந்திருக்கலாம், கையில் பணமில்லாமல் இருக்கலாம், வீணாக நிற்கிறதே என்றும் விற்றிருக்கலாம். இதில் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எங்கோ ஜெர்மனியில் செய்த கார் எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா எதனால் காரை விற்றார் என்று ஒரு வருடமாகக் கேட்கத் தோன்றவில்லை. அவர் வாழ்க்கையில் ஒன்று குறைந்திருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது காலி ஷெட் மட்டும்தான். அவர் இப்போது ஆஸ்பத்திரிக்கு எதில் போகிறார், மாதச் சாமான் எப்படி வீட்டுக்கு வருகிறது, ராத்திரி ஒரு அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவார்? உங்களைப் படிக்க வைத்தவரைப் பற்றிய கேள்விகள் இவை, நான் கேட்கும்படி நீங்கள் விட்டிருக்கக் கூடாது.

"ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல மாட்டார், சரி. தம்பியின் ஃபீஸுக்காகத் தன் தேவைகளை ஒதுக்கி வைத்துப் பழகியவர் இன்றைக்கு மட்டும் வாய் திறந்து "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவாரா? அப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் கூடுதலாகக் கேட்க வேண்டும். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. பெற்றவர் இடத்தில் நின்று வளர்த்த அக்காவுக்குத் தம்பி செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அந்த வீட்டிலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது அதில் சேராது. இதில் நான் யாருக்காகவும் இறங்கி வர மாட்டேன்.

நீங்கள் கேட்கப்போவது சின்ன உதவியும் இல்லை, கணக்குப் பாருங்கள். இந்த வகைக் கார்கள் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட்டுக்கு மேல் சாப்பிடும். தினமும் 40 என்றால் மாதம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 300 யூனிட் பக்கம் ஓடும். தனியாக இருக்கும் ஒருவரின் வீட்டுக்கே மாதம் அவ்வளவு ஆகாமல் போகலாம். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் ஊர் என்றால், அவர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் செலவழித்த யூனிட்டும் உங்களால் மேல் படியின் விலைக்குப் போகலாம்.

சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 2.3 கிலோவாட்தான் ஏறும். ஒரு நாள் ஓட்டத்துக்கு அது நாலு மணி நேரம், சமாளித்துவிடலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். கணக்கு தப்பில்லை. ஆனால் அப்படியென்றால் கார் தினமும் ராத்திரி அங்கேதான் நிற்கும். பத்து மணிக்கு நீங்கள் வந்து கேட்டைத் திறப்பீர்கள், காலையில் ஆறரைக்கு மறுபடி திறப்பீர்கள், இரண்டு தடவையும் உள்ளே ஒருத்தர் விழித்துக்கொள்வார். வெளியூர் போய் பேட்டரியைக் காலி செய்து வந்தால் டைக்கானின் பெரிய பேட்டரி நிரம்ப ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அந்த 800 வோல்ட் பெருமையெல்லாம் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில்தான், ஷெட்டுக்குள் அதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. பழைய வீட்டு வயரிங்கில் மணிக்கணக்காக முழு கரண்ட் ஓடினால் பிளக் சூடாகி உருகும், அதைத் தாண்டியும் போகலாம். போர்டிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், நல்ல எர்த் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட சார்ஜ் போடக் கூடாது.

சரி, கார்.

2017 மாடல் எஸ்ஸுக்கு டெஸ்லா கொடுத்த 8 வருட பேட்டரி உத்தரவாதம் 2025-லேயே முடிந்துவிட்டது. பேட்டரி நன்றாக இருக்கலாம், பல கார்களில் இருக்கிறது, ஆனால் அதில் கோளாறு வந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். அந்த வருடக் கார்களில் நடுத் திரையின் 8 ஜிபி மெமரி தேய்ந்து திரையே போய்விடும் என்று 2021-ல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நீங்கள் பார்த்த காரில் அதை மாற்றியாகிவிட்டதா என்று எழுத்தில் வாங்குங்கள். முந்தைய ஓனர் தன் கணக்கிலிருந்து காரை நீக்கிக் கொடுக்கவும் வேண்டும், இல்லையென்றால் உங்கள் காரை அவர் போனிலிருந்தே திறக்கலாம்.

டைக்கானுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை பேட்டரி உத்தரவாதம் உண்டு, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் சரிசெய்ய வேண்டும். 2021 வண்டிக்கு 2029 வரை வருகிறது. 2024-ல் முன்பக்க பிரேக் ஹோஸுக்காக (பிரேக் ஆயில் போகும் குழாய்) டைக்கான்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தார்கள், சில வண்டிகளை பேட்டரி ஷார்ட் ஆகும் அபாயத்துக்காகவும் அழைத்தார்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து இரண்டும் முடிந்ததா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்னும் இவ்வளவு தூரம் போகும் என்று டாஷ்போர்டு காட்டும் கிலோமீட்டரை வைத்து பேட்டரியை எடை போடவும் கூடாது, முன்பு ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ அதற்கேற்ப அது மாறும். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து பேட்டரியின் மீதிக் கொள்ளளவை அளந்து காகிதத்தில் வாங்குங்கள்.

விலை பாதியானது காருக்குத்தான். இரண்டு டன்னுக்கு மேல் எடை, அதனால் டயர் சீக்கிரம் தேயும், டைக்கானில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு, அந்த டயரும், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனும் பாதி விலைக்கு வராது. கடன் தவணை போக இதற்கும் மாதம் ஏதாவது ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் இரண்டுமே வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். கார் பேச்சை எடுக்க வேண்டாம். உட்கார்ந்து, சாவகாசமாக, "ஏன் அக்கா காரை வித்துட்ட?" என்று கேளுங்கள். பணக் கஷ்டம் என்று தெரிந்தால் நீங்கள் வாங்க நினைத்த கடன் முதலில் அவருக்குப் போகட்டும், டைக்கானை மறந்துவிடுங்கள். உடம்பு முடியவில்லை என்றால், இனி அவரை எங்கே கூட்டிப் போவதும் உங்கள் பொறுப்பு, அதற்கு டைக்கான் சரிப்படாது. 1.4 மீட்டர்கூட உயரமில்லாத கார், முழங்கால் வலிக்காரர் பின் சீட்டில் குனிந்து உட்காரவும் முடியாது, பிடிமானம் இல்லாமல் எழுந்திருக்கவும் முடியாது. அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போய், அவர் ஏறி இறங்கிப் பார்த்து வசதி என்று சொல்கிற காரை வாங்குங்கள், அது உங்கள் கனவுக் கார் இல்லையென்றாலும்.

தேவைப்படவில்லை, அதனால் விற்றேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அப்போது ஷெட்டைக் கேளுங்கள். தனி லைன் உங்கள் செலவு, காருக்கு ஓடும் யூனிட்டைத் தனியாகக் காட்டும் சப் மீட்டர் உங்கள் செலவு, யூனிட் கணக்கு மாத முதல் வாரத்திலேயே அவர் கைக்குப் போக வேண்டும், "வேண்டாம்டா" என்று சொன்னாலும் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அவருக்கு ஷெட் வேண்டும் என்கிற நாளில் மறுபேச்சில்லாமல் காலி செய்ய வேண்டும். விற்பவர் இந்த வாரமே முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள், இந்தக் கார்களின் விலை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.