முன்ஸ்டர் வேறு, மியூன்ஸ்டர் வேறு

வாசகர் கேள்விகள்

(ஜெர்மனியில் போர் வரலாற்று இடங்களைச் சுற்றிப் பார்த்ததைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். மகள் பிரவுன்ஷ்வைக்கில் வேலை பார்ப்பதால் மூன்று முறை போய்வர வாய்த்தது. ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் டாங்கி மெக்கானிக்காக 22 வருடம் இருந்தவன் நான். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

ந.கு., ஆம்பூர்: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாம் உலகப் போர் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். செப்டம்பரில் மனைவியோடு 12 நாள் ஜெர்மனி போகிறோம். அவருக்குப் போர் விஷயங்களில் ஆர்வம் கிடையாது. பெர்லின், ஹாம்பர்க், கொலோன், நியூரம்பெர்க், மியூனிக் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சரியா?

ஐந்து ஊர் வேண்டாம் ஐயா. பாதி நாள் ரயிலிலும் பெட்டி தூக்குவதிலும் போய்விடும். பெர்லினில் ஏழு நாள் தங்குங்கள். மீதி நாட்களுக்கு இன்னொரு ஊர் போதும்.

பெர்லினில் முதலில் போக வேண்டிய இடம் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட். புறநகர் ரயிலில் இறங்கி நடந்தால், மரங்கள் சூழ்ந்த தெருவில் ஒரு சாதாரணக் கட்டடம். ஜெர்மன் ராணுவப் பொறியாளர் பள்ளியின் அதிகாரிகள் உணவுக்கூடமாக இருந்தது. 1945 மே 8 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் கைடல் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அங்கேதான். நீள மேசைகள், நான்கு நாட்டுக் கொடிகள் என்று அந்தக் கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. என் மனைவிக்கும் பீரங்கி, டாங்கி என்றாலே சலிப்புதான். ஆனால் அந்தக் கூடத்தில் என்னைவிட அதிக நேரம் நின்றது அவர்தான். கையெழுத்துப் போட்டவர்கள் உட்கார்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது பெண்ட்லர்பிளாக். ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க்கையும் கூட்டாளிகளையும் 1944 ஜூலை 20 இரவு சுட்டுக்கொன்ற முற்றம். இதற்கும் கட்டணம் கிடையாது. அப்புறம் டிரெப்டோ பூங்காவில் உள்ள சோவியத் நினைவிடம். சுமார் 7,000 வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். உள்ளே நடக்க நடக்கத்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். ஹிட்லரின் பதுங்கு குழி எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே இருப்பது ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு தகவல் பலகையும்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

ஒரு நாள் கிழக்கே ஸீலோ மேட்டுக்குப் போய்வாருங்கள். 1945 ஏப்ரல் 16 விடியலுக்கு முன் சோவியத் தளபதி ஷூக்கோவின் படை பெர்லினை நோக்கித் தாக்குதலைத் தொடங்கிய இடம். மேட்டில் நின்று கீழே ஓடர் ஆற்றுச் சமவெளியைப் பாருங்கள். ஒதுங்க மறைவே இல்லாத ஈரநிலம். எதிரியின் கண்ணைக் கூசவைக்கப் போட்ட சர்ச்லைட் வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, சொந்த ஆட்களுக்கே தடையானது. எத்தனை வரைபடம் பார்த்தாலும் புரியாதது அந்த மேட்டில் நின்றால் புரிந்துவிடும்.

இரண்டாவது ஊராக டிரெஸ்டனை வையுங்கள். ஊர் அழகு உங்கள் மனைவிக்குப் பிடிக்கும். உங்களுக்கு ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஆயுதக் கிடங்கைப் பிளந்துகொண்டு டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த இரும்பு ஆப்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. இதற்கு மட்டும் புதன்.

ரயிலுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2025ல் மாதம் 58 யூரோவாக இருந்தது, இப்போது கூடியிருக்கிறது. விரைவு ரயில்களைத் தவிர மற்ற வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். ஆனால் அது மாதச் சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். 12 நாளும் ஒரே மாதத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சட்டைப் பையில் எப்போதும் ஒன்றிரண்டு ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம் இருக்கட்டும். பையை வைக்கும் லாக்கருக்குப் பல இடங்களில் அதுதான் சாவி.

இரா.செ., ஆவடி: அப்பா டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜெர்மன் டாங்கி அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. மியூன்ஸ்டர் என்ற ஊரில் ஹோட்டல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படிப் போவது?

நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன் எழுதினீர்கள். டாங்கி அருங்காட்சியகம் இருப்பது முன்ஸ்டரில். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மியூன்ஸ்டர். அது நெதர்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் பெரிய பல்கலைக்கழக நகரம். முன்ஸ்டரோ ஹாம்பர்குக்கும் ஹானோவருக்கும் நடுவில் புதர்க்காட்டுக்குள் இருக்கும் சின்ன ராணுவ ஊர். ஜெர்மன் எழுத்தில் யு மேல் இரண்டு புள்ளி இருந்தால் மியூன்ஸ்டர், இல்லாவிட்டால் முன்ஸ்டர். என்னோடு வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு தப்பான ஊரில் போய் இறங்கி, ஒரு நாள் முழுக்க இழந்தார். சரியான ஊருக்கு சோல்டாவிலோ ஊல்ட்ஸெனிலோ வண்டி மாற வேண்டும். நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

உள்ளே போனதும் ஏ7வி டாங்கி இருக்கும். முதல் உலகப் போரில் ஜெர்மனி செய்தது மொத்தம் 20தான். இங்கே இருப்பது அதன் நகல். மிஞ்சியிருக்கும் ஒரே அசல் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறது. கிங் டைகர், ஸ்டுர்ம்டைகர் இரண்டுக்கும் முன்னால்தான் கூட்டம் நிற்கும். நிற்கட்டும். நீங்கள் அப்பாவை லியோபார்டு 1 பக்கம் அழைத்துப் போங்கள். அதில் இருப்பது எம்டியூ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 838 வரிசை இன்ஜின், பத்து சிலிண்டர், 830 குதிரைத் திறன். நம் அர்ஜுன் டாங்கியில் இருப்பதும் அதே 838 வரிசைதான், 1400 குதிரைத் திறனுக்கு வளர்ந்தது. உங்கள் அப்பாவுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

லியோபார்டில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டு. இணைப்புகளைக் கழற்றிக் கிரேன் போட்டுத் தூக்கினால், களத்திலேயே 20 நிமிடத்தில் மாற்றிவிடலாம். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் ஒரு இன்ஜினை இறக்கி ஏற்ற ஒரு முழுநாள் போகும். ராஜஸ்தான் வெயிலில் ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடிப்போம். அந்தப் பின்பக்க மூடியைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அங்கிருந்த காவலர் ஒருவர் வந்து, நீங்கள் மெக்கானிக்கா என்று கேட்டார். அப்புறம் அரை மணி நேரம் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் கை சாடையிலும் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை ஒரு தாளில் ஜெர்மனில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப.லெ., காரைக்குடி: எங்கே போனாலும் ஸ்வஸ்திக் போட்ட துணிப்பையைத்தான் எடுத்துப் போவேன். ஜெர்மனிக்கு அது கூடாது என்கிறான் மகன். நம் சாமி சின்னத்துக்கு என்ன தடை?

மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னமும் ஸ்வஸ்திக்தான். நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது அங்கே குற்றம். தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை அல்லது அபராதம். அந்தச் சட்டம் நம் வழிபாட்டைக் குறிவைத்து எழுதியது இல்லை. ஆனால் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பையில் இருப்பது கோலமா வேறு ஒன்றா என்று எப்படித் தெரியும்? அவருடைய பாட்டியோ தாத்தாவோ முகாமில் செத்திருக்கலாம். அதற்காகவாவது பையை வீட்டில் வையுங்கள். பிள்ளையார் படம் உள்ளே இருக்கட்டும், அவர் போதும் துணைக்கு.

இளையவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கையை நீட்டி ஹிட்லர் மாதிரி நின்று படம் எடுப்பதும் குற்றம்தான். 2017 ஆகஸ்டில் பெர்லின் நாடாளுமன்றத்துக்கு முன் அப்படி நின்ற இரண்டு சீனப் பயணிகளைப் போலீஸ் பிடித்தது. ஆளுக்கு 500 யூரோ கட்டித்தான் வெளியே வந்தார்கள்.

சு.மே., தூத்துக்குடி: என் அப்பா கடற்படையில் இருந்தார். 80களில் நீர்மூழ்கிக் கப்பல் வேலையாகக் கீல் நகரில் இருந்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. அந்த ஊரில் எதைப் பார்க்கலாம்?

நம் ஷிஷுமார், ஷங்குஷ் இரண்டும் கீலில் கட்டப்பட்டு 1986ல் நம் கடற்படையில் சேர்ந்தவை. உங்கள் அப்பா நடந்த துறைமுகம் அதுதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து லாபோவுக்குப் படகில் போங்கள். பஸ்ஸும் உண்டு, ஆனால் படகில் போனால்தான் கப்பல் கட்டும் தளங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம்.

லாபோ கடற்கரையில், தரையில் ஏற்றிவைத்திருக்கிறார்கள் யு-995 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலை. 67 மீட்டர் நீளம். போரில் ஓடி, பிறகு நார்வே கடற்படையில் இருந்து, 1972ல் காட்சிக்கு வந்த கப்பல். பக்கவாட்டில் வெட்டிய கதவு வழியாக நுழைவீர்கள். உள்ளே ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு வட்டமான துளைக்குள் காலை முதலில் விட்டு, மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக் குனிந்து போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். டார்பீடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஒருவர் எழுந்து காவலுக்குப் போனதும் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுப்பார். ஐம்பது பேர் அளவுக்கு வாரக்கணக்கில் அதற்குள் இருந்தார்கள்.

திரும்பும்போது மோல்ட்டன்ஓர்ட்டில் இறங்குங்கள். திரும்பி வராத நீர்மூழ்கி வீரர்கள் 30,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வெண்கலப் பலகைகளில், கப்பல் கப்பலாகப் பொறித்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ள அந்த இடம் பொருத்தமாக இருக்கும்.

வே.ப., சென்னை-13: 1914 செப்டம்பர் 22ல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலை ஜெர்மனியில் பார்க்க முடியுமா?

முடியாது. அந்த வருடம் நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்துவிட்டது. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் எம்டன் என்ற ஊர் இருக்கிறது, கப்பலுக்கு அதன் பெயர்தான். பிழைத்து வந்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள அந்த நாடு அனுமதி கொடுத்தது. குண்டு விழுந்த இடத்துக்கான கல்வெட்டு உங்கள் ஊர் உயர் நீதிமன்றச் சுவரிலேயே இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

ஹ.அ., கோயம்புத்தூர்: ஏரோநாட்டிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ராக்கெட் பிறந்த இடமான பேனமுண்டே போக ஆசை.

போய்வா தம்பி. 1942 அக்டோபர் 3ல் பின்னால் வி-2 என்று பெயர் பெற்ற ஏ4 ராக்கெட் முதல்முறை சரியாகப் பறந்தது பால்டிக் கடலோரத்து அந்த மண்ணிலிருந்துதான். பழைய மின் நிலையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆனால் அங்கே மட்டும் போய்விட்டுத் திரும்பாதே. 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பேனமுண்டேயைத் தாக்கிய பிறகு, ராக்கெட் உற்பத்தியை நார்ட்ஹௌசன் பக்கத்து மலைக்குள் சுரங்கத்துக்கு மாற்றினார்கள். வேலை செய்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா என்ற நாஜி வதை முகாமின் கைதிகள். சுமார் 60,000 பேரை அங்கே கொண்டுவந்தார்கள், ஏறத்தாழ 20,000 பேர் செத்துப்போனார்கள். அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். எந்த மாதம் போனாலும் உள்ளே 8 டிகிரிதான், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். இடிந்த ராக்கெட் பாகங்கள் இன்னும் அங்கே தண்ணீருக்குள் கிடக்கின்றன. இரண்டு இடத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடு.

கா.ர., ஈரோடு: பழைய சந்தையில் ஹெல்மெட், தோட்டா எல்லாம் கிடைக்குமாமே, வாங்கி வரலாமா?

தோட்டா வேண்டவே வேண்டாம். காலி உறை என்றாலும் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். காட்டில் தோண்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வெடிக்காத குண்டுகள் அந்த நாட்டில் இன்றைக்கும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

த.இ., வேலூர்: நீங்களும் பட்டாளத்துக்காரர், நானும் ஓய்வு பெற்ற சுபேதார். நம் ஆட்களுக்கு அங்கே ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

இருக்கிறது சாப். பெர்லினுக்குத் தெற்கே, வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வூன்ஸ்டோர்ஃப். இரண்டாம் போரில் ஜெர்மன் தரைப்படைத் தலைமையகத்தின் பதுங்கு அறைகள் அங்கே இருந்தன. பிறகு 1994 வரை சோவியத் படைத் தலைமையகம். பதுங்கு அறைகளை வழிகாட்டியோடு காட்டுகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அதோடு திரும்பிவிடுகிறார்கள்.

முதல் போரில் அங்கே பிறைச்சந்திரன் முகாம் என்று ஒன்று இருந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளில் இருந்து பிடிபட்ட இந்திய, ஆப்பிரிக்க வீரர்களை வைத்திருந்தார்கள். நல்லபடி நடத்தி, பிரிட்டனுக்கு எதிராகத் திருப்ப வேண்டும் என்பது திட்டம். அதற்காகவே 1915ல் மரத்தில் ஒரு மசூதியைக் கட்டினார்கள். ஜெர்மன் மண்ணில் முதல் மசூதி அதுதான். இப்போது அது இல்லை. கைதிகளின் பேச்சையும் பாட்டையும் மொழி ஆராய்ச்சிக்காக இசைத்தட்டில் பதிந்தார்கள். அந்தக் குரல்கள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன.

குளிரிலும் காசநோயிலும் பலர் அங்கேயே போய்விட்டார்கள். ஸேரென்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில், காட்டுக்கு நடுவே, 206 இந்திய வீரர்களுக்குக் கல்லறை இருக்கிறது. அந்தக் கிராமமே இன்று இல்லை, ராணுவப் பயிற்சிக்காகக் காலி செய்துவிட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து டாக்சியோ சைக்கிளோ எடுங்கள். குண்டு போட்டுப் பழகிய காடு என்பதால் பாதையை விட்டு இறங்காதீர்கள். நான் போனது அக்டோபர் மாதம், நானும் மகளும் மட்டும்தான். வெட்டிய புல், வரிசையாக வெள்ளைக் கற்கள். படைப்பிரிவு, பெயர், தேதி. பஞ்சாபிகள், கூர்க்காக்கள், பட்டான்கள். சிலருடைய படைப்பிரிவின் பெயர் இன்றைய நம் ராணுவத்திலும் இருக்கிறது. மகள் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்துக்கொண்டே நடந்தாள். நான் பின்னால் போனேன். வரிசை முடிந்ததும் கால் தானாகச் சேர்ந்து நின்றது, சல்யூட் அடித்தேன். நீங்கள் போகும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள் சாப், நான் எடுத்துப் போகவில்லை.