குறைந்தால் அபராதம், கூடினால் கேள்வி இல்லை

கேள்வி: என் மகன் நியூயார்க்கில் வாடகை வீட்டில் இருக்கிறான். ஜனவரியில் வீடியோ காலில் பார்த்தால் வெளியே பனி கொட்டுகிறது, இவன் பனியனோடு ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "ஓனர் வீட்டைச் சூடா வச்சிருக்கணும்னு கவர்மென்ட் சட்டம்மா" என்கிறான். சட்டமே இப்படி வீணடிக்கச் சொல்லுமா?
- வாசகி, காட்பாடி

பதில்: சொல்லவில்லை அம்மா. ஆனால் அந்தச் சட்டத்தால்தான் இப்படியும் நடக்கிறது. ராணிப்பேட்டையில் டேனரி பாய்லர் பார்த்தே காலம் தள்ளியவன் நான். நீராவி என்றால் எனக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வரும்.

அந்த ஊர் விதி இது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி இருக்க வேண்டும். நம் கணக்கில் 20 டிகிரி செல்சியஸ், வேலூரில் மார்கழி விடிகாலை மாதிரி. இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. குறைந்தால் குடியிருப்பவர் 311-க்கு போன் போட்டுப் புகார் செய்யலாம், ஓனருக்கு அபராதம் வரும். ஆனால் அதே வீடு 85 டிகிரிக்குக் கொதித்தால்? அதைக் கேட்க இந்த விதியில் ஒரு வரியும் கிடையாது.

பழைய கட்டடங்கள் பலவற்றில் அடித்தளத்தில் ஒரே பாய்லர்தான். அதிலிருந்து ஒற்றைக் குழாயில் நீராவி மேலே ஏறும், குளிர்ந்து தண்ணீரானதும் அதே குழாயில் கீழே இறங்கும். பாய்லருக்குப் பக்கத்து வீடு சீக்கிரம் சூடாகிவிடும். கடைக்கோடி வீட்டுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். புகார் வருவதோ அந்தக் கடைக்கோடி வீட்டிலிருந்துதான். கடைசித் தெருக் குழாய்க்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்று விட்டால் முதல் தெருவில் வழிந்து ஓடுமே, அதே கதை. ஓனர் அபராதத்துக்குப் பயந்து பாய்லரைக் கூடுதல் நேரம் ஓட்டுகிறார். அந்த மாதிரி கட்டடங்களில் ஹீட்டிங் செலவு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். ஜன்னலைத் திறந்தால் உங்கள் மகன் பையிலிருந்து ஒரு டாலர் கூடப் போகாது. அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

நீராவி வந்து அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம்தான் ரேடியேட்டர். அதன் அடியில் ஒரு வால்வு இருக்கும். ஒற்றைக் குழாய் என்றால் அதை முழுசாகத் திறக்க வேண்டும், இல்லை முழுசாக மூட வேண்டும். பாதியில் வைத்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வருகிற ஆவி அதை அடிக்கும். ராத்திரி டங் டங் என்று குழாயில் சுத்தியல் சத்தம் கேட்கும். பக்கவாட்டில் 'உஸ்' என்று காற்று விடும் சின்ன வெண்ட் ஒன்றும் இருக்கும். அந்த இடத்தில் அறைச் சூட்டைப் பார்த்துத் தானாக மூடிக்கொள்ளும் வால்வைப் பொருத்தித் தரச் சொல்லி ஓனரிடம் கேட்கச் சொல்லுங்கள். எரிபொருள் மிச்சம் அவருக்குத்தான்.

இவ்வளவு சொன்னாலும் அந்த விதியை நீக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீட்டில் சூடு போதாவிட்டால் ஜனம் மின் ஹீட்டரைத்தான் தேடும். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மின் ஹீட்டர் ஒன்றில் பிடித்த தீயில் 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். தீ ஒரு வீட்டில்தான், புகைதான் மாடி மாடியாக ஏறிக் கொன்றது. குளிர் ஊரில் சூடு கொடுப்பது சலுகை இல்லை. மேல் வரம்பு ஒன்றையும் சேர்த்து எழுதியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: தம்பி குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. வீட்டைச் சட்டப்படி சூடு வெளியேறாமல் அடைத்துக் கொடுத்தார்களாம். இப்போது படுக்கையறைச் சுவரெல்லாம் கருப்பாகப் பூஞ்சை. ஏன்?
- வாசகர், ஆற்காடு

பதில்: அங்கே வாடகை வீட்டுக்கு எரிசக்தித் தரச் சான்று உண்டு. 2018 ஏப்ரலிலிருந்து புது வாடகைக்கும், 2020 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் ஏ முதல் ஜி வரையுள்ள வரிசையில் குறைந்தது 'ஈ' தரம் வேண்டும். அதற்கு ஓனர் தன் கையிலிருந்து போட வேண்டிய உச்சவரம்பு 3,500 பவுண்டு. அந்தத் தொகைக்குள் பலர் இடுக்குகளை அடைக்கிறார்கள், காற்றுப் போக்குக்கு வழி வைப்பதில்லை. நம்மவர் சமையலில் ரசம் கொதிக்கும், குக்கர் விசிலடிக்கும், துணியும் ஹாலிலேயே காயும். அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த மூலைச் சுவரில் போய் உட்காரும், அலமாரிக்குப் பின்னாலும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஓட வேண்டும், அலமாரியைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பூஞ்சையைப் போட்டோ எடுத்து ஓனருக்கு எழுத்தில் அனுப்பி வைப்பதும் அவசியம்.

கேள்வி: நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு ஐயா? இங்கே வெயில்தானே பிரச்சினை?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: வெயிலுக்கும் இதே கணக்கு உண்டு தம்பி. 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழைக் குடித்தனமும் ஃபேன் போட்டுத் தூங்கட்டும் என்று கொடுத்தது. நடப்பது என்ன? ஒரே இணைப்பில் மாடிக்கு மாடி சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு ஒரே ரேட் என்று வசூலிக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே இலவசம் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. எல்லார் யூனிட்டும் ஒரே கணக்கில் கூடுவதால் மேல் ஸ்லாபுக்குப் போய் யூனிட் விலையும் ஏறுகிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் குழந்தையோடு இருக்கும் பெண் பில்லுக்குப் பயந்து ஃபேனை நிறுத்துகிறாள். இதை என் தெருவிலேயே பார்க்கிறேன், மனசு பொறுக்கவில்லை.

புது வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மீட்டர் பெட்டியைப் போய்ப் பாருங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமே சொல்கிறது. கரண்ட் பில் எப்படிக் கணக்கிடப்படும் என்ற வரியையும் அதில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.